சோறு இருந்த வீட்டில் வளராத பிள்ளை: சுங்கை சிப்புட் தோட்டமொன்றில் ஒரு நிகழ்வு ஆய்வு

2021 ஜூலையில் மலேசியா முழுவதும் வெள்ளைக் கொடிகள் ஏறின. கொவிட் தொற்றுக்கால நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையால் பிழைப்பு இழந்தவர்கள் வாசலில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டினால், அக்கம்பக்கத்தார் உணவுப் பொருள் கொண்டுவந்து கொடுப்பார்கள் என்பது ஏற்பாடு. பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் பட்டணத்திலும் சில வீடுகளில் கொடி தெரிந்தது. பட்டணத்தைச் சுற்றியுள்ள தோட்டங்களில், நான் போய்ப் பார்த்த லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்), ஒன்றுகூட இல்லை. எங்கள் கோயில் உதவிக் குழு அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டது. தோட்டத்தில் பசி இல்லை என்று கூட்டக் குறிப்பிலேயே எழுதிவிட்டார்கள்.

அந்தக் குறிப்பு எவ்வளவு தூரம் சரி என்பதைத்தான் ஒரு குடும்பத்தை வைத்து இங்கே பார்க்கிறேன். இந்த வட்டாரத் தோட்ட மருந்தகங்களில் டிரசராக, அதாவது மருத்துவ உதவியாளராக, வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். குழுவின் பைகளைக் கொண்டுபோய்க் கொடுப்பவர்களில் நானும் ஒருவன். குடும்பத்தின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன்.

குடும்பம்

லயத்தின் கடைசி வீடு. எழுபதைத் தாண்டிய பாட்டி, பால்மரம் வெட்டி ஓய்ந்தவர். சிவப்பு அடையாள அட்டை வைத்திருப்பவர்; அதாவது நிரந்தரவாசி, குடியுரிமை இல்லை. அவருடைய மகள் பட்டணத்து உணவுக்கடை ஒன்றில் பாத்திரம் கழுவும் வேலையில் இருந்தார். கடை மூடியதும் வேலை போயிற்று. மருமகன் குத்தகை லோரியில் செம்பனை (எண்ணெய்ப்பனை) குலை ஏற்றுபவர். செம்பனைத் துறை இயங்க அனுமதி இருந்ததால் அவருக்கு வேலை இருந்தது. ஏற்றிய எடைக்குக் கூலி. மூத்த பையன் தமிழ்ப்பள்ளி மாணவன், இளையவள் நான்கு வயதுச் சிறுமி.

நாங்கள் முதல் பையைக் கொண்டுபோனபோது பாட்டி வாங்க மறுத்தார். "பட்டினி கிடப்பவர்களுக்குக் கொடுங்கள், டிரசர் ஐயா. எங்கள் வீட்டில் சோறு இருக்கிறது" என்றார். பொய்யில்லை. மூலையில் அரிசி வாளி பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. அடுப்பில் சோறும், புளிக்கரைசலில் இரண்டு கத்தரிக்காயும். சிறுமி ஒரு பிளாஸ்டிக் குவளையில் டின் பாலைச் சுடுநீரில் கலந்து குடித்துக்கொண்டிருந்தாள். காலையில் அது, மாலையில் அது, அழுதால் அது.

அந்த வீட்டின் பின்புறத்தை எனக்குப் பல ஆண்டுகளாகத் தெரியும். முன்பு அங்கே மரவள்ளியும் முருங்கையும் பாகற்கொடியும் இருந்தன. லயத்துக்கு நான்கைந்து பசுக்கள் இருந்தன. பால் விற்றது போக வீட்டுக்கும் மிஞ்சியது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது நிர்வாகம் கடைசி வரிசைக் கன்றுகளை வீட்டுச் சுவர்வரை கொண்டுவந்து நட்டது. கன்றுகளைக் கடிக்கின்றன என்று மாடுகளும் வெளியேற்றப்பட்டன. சம்பளம் குறைந்ததைப் பற்றித் தொழிற்சங்கம் பேசியது. கூட்டத்தில் யாரும் முருங்கையைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. என் கணக்கில் இந்தக் குடும்பத்தின் கதை 2020இல் தொடங்கவில்லை, அந்தக் கன்றுகளோடு தொடங்கியது.

நாடா பச்சை, கோடு கீழே

சிறுமியின் கன்னம் உப்பியிருந்தது, கை மெலிந்திருக்கவில்லை. பழைய பழக்கத்தில் மேற்கையின் நடுவே அளவு நாடாவைச் சுற்றினேன். யுனிசெப் போன்ற அமைப்புகள் பஞ்சம் விழுந்த இடங்களில் பயன்படுத்தும் அதே நாடா: 11.5 செண்டிமீட்டருக்குக் கீழே சிவப்பு, 12.5 வரை மஞ்சள், அதற்கு மேல் பச்சை. சிறுமிக்குப் பச்சை. எங்கள் குழுவின் இளைஞர் ஒருவர், "பார்த்தீர்களா ஐயா, ஒன்றுமில்லை" என்று நிம்மதிப் பெருமூச்சு விட்டார்.

உயரத்தை அளந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. சுவரில் பென்சில் கோடு, 92 செண்டிமீட்டர். உலகச் சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி அளவுகோலின்படி நான்கு வயதுப் பெண் குழந்தையின் நடுத்தர உயரம் 102.7 செண்டிமீட்டர், 94.1க்குக் கீழே போனால் வளர்ச்சி குன்றியவள். அரசாங்கக் கிளினிக்கில் இரத்தம் எடுத்தார்கள். ஹீமோகுளோபின் 9.8. அந்த வயதுக்கு 11க்குக் கீழே என்றால் இரத்தசோகை.

அந்த நாடா, இன்றோ நாளையோ செத்துவிடக்கூடிய குழந்தையைக் கூட்டத்திலிருந்து பிரித்தெடுப்பதற்காக வந்தது. அந்த வேலையை அது நன்றாகச் செய்கிறது. மாதக்கணக்கில் சோறும் சர்க்கரையும் மட்டும் உண்டு எலும்பு நீளாமல் நின்றுபோன குழந்தையை அது பிடிக்காது. மலேசியாவில் பிரச்சினை இரண்டாவது வகை. சுகாதார அமைச்சின் 2022ஆம் ஆண்டு ஆய்வு, ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 21.2 விழுக்காட்டினர் வளர்ச்சி குன்றியவர்கள் என்றது. 2018இல் யுனிசெப் கோலாலம்பூரின் மலிவு விலை அடுக்குமாடிகளில் ஆராய்ந்தபோதும் ஏறத்தாழ அதே அளவுதான்: 22 விழுக்காடு. நாட்டில் உணவு ஆற்றல் போதாதவர்களின் விகிதமோ அண்மைய ஐ.நா. கணக்குகளில் 2.5 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. இரண்டு எண்களும் சரிதான். முதலாவது உயரத்தைப் பார்க்கிறது, இரண்டாவது கலோரியைப் பார்க்கிறது.

எட்டுக் கேள்விகள்

ஐ.நா.வின் உணவு, வேளாண்மை நிறுவனம் 1945 அக்டோபர் 16 அன்று கனடாவின் கியூபெக் நகரில் தொடங்கப்பட்டது. உலக உணவு நாள் அந்தத் தேதியில்தான். அதற்கு இன்று ரோமில் பெரிய கட்டடம். அதே நகரில் உலக உணவுத் திட்டமும், 1977இல் வந்த அனைத்துலக வேளாண் மேம்பாட்டு நிதியமும் இருக்கின்றன. ரோமிலிருந்து சுங்கை சிப்புட்டுக்கு ஒரு மூட்டை அரிசியும் வந்ததில்லை. வரவும் வேண்டியதில்லை, நாம் நடுத்தர வருமான நாடு. ஆனால் அங்கிருந்து ஒரு கேள்விப் பட்டியல் வந்திருக்கிறது. என் கண்ணுக்கு மூட்டையைவிட அது பெரிய உதவி.

எட்டே கேள்விகள். பணமோ வசதியோ இல்லாததால், கடந்த பன்னிரண்டு மாதத்தில் சாப்பாடு போதாமல் போகும் என்று கவலைப்பட்டீர்களா? சத்தான உணவு உண்ண முடியாமல் போனதா? ஒரே சில வகைகளையே உண்டீர்களா? ஒரு வேளையைத் தவிர்த்தீர்களா? வேண்டிய அளவைவிடக் குறைத்து உண்டீர்களா? வீட்டில் உணவு தீர்ந்துபோனதா? பசித்தும் உண்ணாமல் இருந்தீர்களா? ஒரு நாள் முழுக்க உண்ணாமல் இருந்தீர்களா? 2014 முதல் ஏராளமான நாடுகளில் இவற்றைக் கேட்டு வருகிறார்கள். இது மக்கள்தொகையை அளக்கும் கருவி, தனி வீட்டுக்குச் சீட்டு எழுதும் கருவியல்ல. அது தெரிந்தேதான் பாட்டியின் திண்ணையில் உட்கார்ந்து கேட்டேன். புள்ளிவிவரம் எடுப்பது என் நோக்கமல்ல. பேச்சைத் தொடங்க எனக்கு ஒரு வழி வேண்டியிருந்தது.

முதல் மூன்றுக்கும் தயங்காமல் "ஆமாம்" என்றார். நான்காவதுக்கு, "இல்லை" என்றார். பிறகு தானாகவே, "இரவில் நான் தேநீர் குடித்துவிட்டுப் படுத்துவிடுவேன். அது பழகிவிட்டது" என்றார். எப்போதிலிருந்து என்று கேட்டேன். மகளுக்கு வேலை போனதிலிருந்து. கடைசி மூன்றுக்கும் அழுத்தமாக "இல்லை". மறைக்கிறார் என்று நான் நினைக்கவில்லை. கேள்விகள் லேசானதிலிருந்து கடுமையானதற்குப் போகும்படி அடுக்கப்பட்டவை. இந்த வீடு நடுவில் நிற்கிறது.

அந்த நடுவில் உலகில் எத்தனை பேர் என்று பார்த்தால் தலை சுற்றும். ஐந்து ஐ.நா. அமைப்புகள் சேர்ந்து 2025இல் வெளியிட்ட அறிக்கை, 2024இல் 67 கோடியே 30 லட்சம் பேர் பசியில் இருந்ததாக மதிப்பிடுகிறது. மிதமாகவோ கடுமையாகவோ உணவுப் பாதுகாப்பு இல்லாதவர்கள் சுமார் 230 கோடி. நாளிதழ்களில் முதல் எண்ணே தலைப்பாக வருகிறது. பாட்டியின் வீடு இரண்டாவது எண்ணுக்குள் இருக்கிறது. கொடி கட்டும் அளவுக்கு மோசமில்லை என்பதால் யார் கண்ணிலும் படாத வீடு அது.

அரசாங்கப் பட்டியலிலும் அது நெடுங்காலம் இல்லை. வறுமைக் கோடு மாதம் 980 வெள்ளியாக (ரிங்கிட்) இருந்தது. மருமகனின் கூலி நல்ல மாதத்தில் அதைத் தாண்டிவிடும். 2019 ஆகஸ்ட்டில் ஐ.நா.வின் கடும் வறுமைக்கான சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் இங்கு வந்து, நாட்டின் வறுமை விகிதம் 0.4 விழுக்காடு என்பது நம்பத்தக்கதல்ல என்று சொல்லிவிட்டுப் போனார். அப்போது அரசுத் தரப்பு அதை ஏற்கவில்லை. மறு ஆண்டு ஜூலையில் கோடு 2,208 வெள்ளியாகத் திருத்தப்பட்டது. 2019க்கான விகிதம் 5.6 ஆனது. வந்தவர் ஒரு பிடி அரிசி கொடுக்கவில்லை. ஆனால் அந்தத் திருத்தத்துக்குப் பிறகுதான் இந்தக் குடும்பம் ஏழைக் குடும்பம் என்று எழுத்தில் ஏற முடிந்தது.

பையில் என்ன இருந்தது

எங்கள் குழுவின் பை: பத்துக் கிலோ அரிசி, எண்ணெய், சீனி, கோதுமை மாவு, உடனடி மீ, பிஸ்கட், ஒரு சார்டின் டின், இரண்டு டின் பால். நன்கொடையாளர்கள் விரும்பியதும் மொத்த வியாபாரி கட்டித் தந்ததும் இதுதான். பையின் மேல் அச்சிட்ட முகம் பெரிதாகப் பெரிதாக உள்ளே பருப்பு குறையும் என்று ஒரு விதி இருக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

உலக உணவுத் திட்டம் அகதி முகாம்களுக்கு அனுப்பும் பங்கீட்டோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தேன். அங்கே ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2,100 கிலோகலோரி என்பது திட்ட அளவு. அதில் தானியம், பருப்பு வகை, வைட்டமின் சேர்த்த எண்ணெய், உப்பு எல்லாம் அடக்கம். போரிலிருந்து ஓடிவந்தவர்களின் பொட்டலத்தில் பருப்பு உண்டு. கோலாகங்சார் சாலையோரத்துத் தோட்டத்துக்கு நாம் கொண்டுபோன பையில் இல்லை. அந்த முகாம் எண்ணெயில் செம்பனை எண்ணெயும் உண்டு என்பது உபரிச் செய்தி. மருமகன் ஏற்றிய குலை எந்த நாட்டுச் சட்டிக்குப் போயிற்றோ, யார் கண்டார்.

டின் பால்தான் எனக்குத் தாங்க முடியாதது. இன்று கடையில் கிடைப்பதில் பெரும்பகுதி பாலே அல்ல; சீனியும் தாவரக் கொழுப்பும் கலந்த இனிப்புக் கிரீமர். இந்த மண்ணுக்கு இது புதிய சண்டையுமல்ல. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பணியாற்றிய சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர், புரதக் குறைவு நோயான குவாஷியோர்கரை மருத்துவ உலகுக்கு அறிமுகப்படுத்தியவர், 1939இல் சிங்கப்பூரில் பெரிய மனிதர்கள் நிறைந்த ஒரு சங்கத்தில் எழுந்து நின்று, இனிப்பூட்டிய டின் பாலைக் குழந்தைகளுக்கு விற்பதால் நேரும் மரணங்களைக் கொலை என்றே கொள்ளவேண்டும் என்று பேசினார். பிறகு ஜப்பானியர் காலத்தில் சாங்கி சிறையில் அடைபட்டார். 1948இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் தாய்சேய் நலப் பிரிவுக்கு முதல் தலைவரானார். தாய்ப்பாலுக்கு மாற்றான பொருட்களின் விளம்பரத்தைக் கட்டுப்படுத்தும் அனைத்துலக நெறிமுறை 1981இல்தான் உலகச் சுகாதாரப் பேரவையில் நிறைவேறியது. அந்தப் பேச்சுக்கு எண்பது ஆண்டு கழித்து, அதே வகை டின்னைக் கோயில் பையில் போட்டு நாம் இலவசமாகக் கொடுத்தோம்.

குழுவில் இதைச் சொன்னபோது பொருளாளர் உடனே ஏற்றார், தலைவர் ஏற்கவில்லை. "டின் பால் இல்லாவிட்டால் சனங்கள் பையைக் குறை சொல்வார்கள்" என்றார். சமரசம் இப்படி வந்தது: அரிசி ஐந்து கிலோ, மீதிப் பணத்தில் ஒரு தட்டு முட்டை, நெத்திலி, பருப்பு, கொண்டைக்கடலை. டின் பால் இல்லை. சிறுமிக்கு கிளினிக்கில் இரும்புச்சத்து மருந்தும் பூச்சி மருந்தும் கொடுத்தார்கள். சுகாதார அமைச்சு 1989 முதல் சத்துக்குறைவுள்ள குழந்தைகளுக்கென்று நடத்திவரும் உணவுக்கூடைத் திட்டத்துக்கும் தாதி பெயர் எழுதிக்கொண்டார். பள்ளி திறந்ததும் மூத்தவனுக்குப் பள்ளியில் தரும் கூடுதல் உணவு மீண்டும் கிடைத்தது. பள்ளிகள் மூடியிருந்தபோது உலகெங்கும் 37 கோடிப் பிள்ளைகள் பள்ளி உணவை இழந்ததாக உலக உணவுத் திட்டம் கணக்கிட்டது. அவர்களில் இவனும் ஒருவன்.

பாட்டி நெத்திலியை வறுத்து உரலில் இடித்துச் சோற்றில் பிசைந்து ஊட்டினார். அந்த யோசனை அவருடையது, எங்களுடையதல்ல. முட்டையை அவர் தொடுவதில்லை; பிள்ளைகளுக்கு என்று ஒதுக்கிவிட்டார். அவருடைய தாய் சொன்ன அவசரகாலக் கதை (மலாயாவில் கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்கிய காலம்) ஒன்றை அப்போது சொன்னார்: கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று பால்வெட்டுக்குப் போகும்போது சோற்றுப் பொட்டலம் கொண்டுபோக விடமாட்டார்களாம், கடையில் வாங்கும் டின்னை அங்கேயே குத்தி ஓட்டை போட்டுத்தான் தருவார்களாம். 1950களின் உணவு மறுப்பு நடவடிக்கை பற்றிய பதிவுகளும் அதையே சொல்கின்றன. பட்டினியைப் போர்க்கருவியாக்குவதைக் கண்டித்து ஐ.நா. பாதுகாப்பு மன்றம் 2417ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது 2018இல்.

அரிசி விலை

2023 மார்ச்சில் வீட்டில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. உண்மையான வாய்ப்பு இங்கேதான் இருந்தது. கருவுற்ற நாளிலிருந்து இரண்டாவது பிறந்தநாள்வரை உள்ள ஏறத்தாழ ஆயிரம் நாளில் இழந்த உயரத்தைப் பிறகு மீட்பது கடினம் என்பதை யுனிசெப்பும் உலகச் சுகாதார நிறுவனமும் சலிக்காமல் சொல்கின்றன. அக்காளுக்குத் தாமதமாகிவிட்டது; தம்பிக்கு ஆகவில்லை. கர்ப்பத்தின்போதே தாய்க்கு இரும்புச்சத்து மாத்திரை, முட்டை. பிறந்தபின் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். செப்டம்பரில் குழந்தை திட உணவு தொடங்கவேண்டும்.

அந்தச் செப்டம்பரில்தான் அரிசி காணாமல் போயிற்று. ஜூலை 20 அன்று இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியது. உணவு, வேளாண்மை நிறுவனத்தின் அரிசி விலைக் குறியீடு ஆகஸ்ட்டில் பதினைந்து ஆண்டு உச்சத்தைத் தொட்டது. செப்டம்பர் முதல் தேதி இங்கே இறக்குமதி வெள்ளை அரிசியின் விலை டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளிக்கு ஏறியது. பத்துக் கிலோ 26 வெள்ளிக் கட்டுப்பாட்டு விலையில் இருந்த உள்ளூர் அரிசி அலமாரிகளிலிருந்து மறைந்தது. 2008 உணவு விலை நெருக்கடிக்குப் பிறகு, இப்படிப்பட்ட பதற்றத் தடைகளைத் தணிக்கவே ஜி20 நாடுகள் 2011இல் ரோமில் ஒரு சந்தைத் தகவல் அமைப்பை ஏற்படுத்தின. தகவல் எல்லாருக்கும் கிடைத்தது. தடையை அது நிறுத்தவில்லை. அனைத்துலக அமைப்புகளின் எல்லை எனக்கு மிகத் தெளிவாகத் தெரிந்தது இந்த இடத்தில்தான்: எச்சரிக்க முடியும், கட்டளையிட முடியாது.

கோயில் குழுவில் கூச்சல். "அரிசி இல்லாத பை என்ன பை?" என்றார் தலைவர். முட்டையை எடுத்துவிட்டு அரிசியைக் காப்பாற்றுவது என்று முடிவாகும் நிலை. நான் எதிர்த்தேன்; காரணம் கொள்கை அல்ல, அந்த ஆறு மாதக் குழந்தை. அரிசியை எப்படியும் வீடு வாங்கிவிடும், கடனுக்காவது வாங்கும். முட்டையை யாரும் கடனுக்கு வாங்குவதில்லை. கடைசியில் பையை எல்லாருக்கும் ஒன்றாகக் கட்டுவதைக் கைவிட்டார்கள். கர்ப்பிணியோ இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையோ உள்ள வீடுகளுக்கு முட்டைத் தட்டு. மற்ற வீடுகளுக்கு அரிசி. சிலர் கோபித்துக்கொண்டார்கள், ஒரு நன்கொடையாளர் விலகினார். தலைவர் இன்றுவரை அதைச் சொல்லிக்காட்டுகிறார்.

கணக்கு

2025 மார்ச்சில் குழந்தையை நிற்கவைத்து அளந்தேன்: 83 செண்டிமீட்டர். இரண்டு வயது ஆண் குழந்தைக்கு நடுத்தர உயரம் 87.1, குன்றல் கோடு 81. கோட்டுக்கு மேலே இருக்கிறான், ஆனால் நடுவுக்கு வரவில்லை. அக்காளின் இரத்தசோகை தீர்ந்துவிட்டது. உயரம் இன்னும் கோட்டுக்குக் கீழேதான். வகுப்புப் படத்தில் முன்வரிசை ஓரத்தில் நிற்கிறாள்.

இதில் பைக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது. கிளினிக் மருந்து இருக்கிறது. தாய் மீண்டும் வேலைக்குப் போகிறார்; குறைந்தபட்சச் சம்பளம் 2022 மே மாதம் 1,500 வெள்ளியானது, 2025 பிப்ரவரியில் 1,700 ஆனது. குத்தகைக் கூலியான மருமகனுக்கு அந்த உயர்வு எட்டவில்லை. ஒரு குடும்பத்தைக் காட்டி எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் பையை மாற்றச் சொன்னவை எவை என்று என்னால் சொல்ல முடியும்: ஓர் உயரக் கோடும் எட்டுக் கேள்விகளும். இரண்டும் இங்கிருந்து வெகுதூரத்தில் பெரிய அலுவலகங்களில் உருவானவை. உள்ளூர்க்காரர்கள் நாங்கள் அரிசி வாளியைப் பார்த்துத் திரும்பியிருப்போம்.

கோலாலம்பூருக்கு அருகே சுபாங்கில் ஐ.நா. நிவாரணப் பொருள் கிடங்கு ஒன்றை உலக உணவுத் திட்டம் நடத்துகிறது. வட்டாரத்தில் எங்கு பேரிடர் வந்தாலும் அங்கிருந்து சரக்கு விமானம் ஏறும். வடக்கு நெடுஞ்சாலையில் போனால் எங்களிடமிருந்து சில மணி நேரம். "அவ்வளவு பக்கத்தில் இருந்தும் நமக்கு ஒன்றும் தருவதில்லையே" என்று குழு இளைஞர்கள் கேட்பார்கள். தரக்கூடாது என்பதே என் கட்சி. அந்தத் திட்டத்துக்கே 2025இல் நிதி முந்தைய ஆண்டைவிட 40 விழுக்காடு குறையும் என்று அது அறிவித்தது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் காஸாவில் பஞ்சம் உறுதிசெய்யப்பட்டது. நம் தட்டு முட்டையை நாம் வாங்கிக்கொள்ளலாம்.

ஓட்டை இருப்பது நம் பக்கத்தில். 2025 ஆகஸ்ட் 31 முதல், பதினெட்டு வயது நிறைந்த குடிமக்கள் அனைவருக்கும் அடையாள அட்டை வழியாக 100 வெள்ளி கிடைத்தது. மகளும் மருமகனும் பட்டணத்துக் கடையில் அதைப் பயன்படுத்தினார்கள். பாட்டிக்கு இல்லை, சிவப்பு அட்டை. மாத உதவித்தொகைகளும் அப்படியே. அவருடைய குடியுரிமை மனு எங்கோ ஒரு கோப்பில் இருக்கிறது. இரவுத் தேநீர் தொடர்கிறது.

எங்கள் குழுவின் விண்ணப்பத் தாளிலும் குடிமக்களுக்கான நீல அடையாள அட்டை எண்ணுக்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. மகளின் எண்ணை எழுதிப் பையை வாங்குகிறார்கள். பாட்டியின் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. தனியாக வாழும் சிவப்பு அட்டைக்காரர்கள் இதே தோட்டத்தில் இருக்கிறார்கள், அவர்களுக்குப் பையே இல்லை. அந்தக் கட்டத்தை எடுத்துவிட வேண்டும், முதியவர்களையும் முட்டைப் பட்டியலில் சேர்க்கவேண்டும் என்று எழுத்தில் கொடுத்திருக்கிறேன். தீபாவளிக்குப் பிறகு வரும் கூட்டத்தில் விவாதத்துக்கு வருகிறது. தலைவர் எதிர்ப்பார், பொருளாளர் என் பக்கம். மற்றவர்களிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்.